ஐந்தாம் மாதம்: அடிவயிற்று ஓரத்தில் சுருக் வலி, இன்னும் தெரியாத அசைவு, மாத்திரை நேரங்கள்

முகில்:

தோழிகளே, அக்காமார்களே, வணக்கம். முதல் கர்ப்பம், 19 வாரம் முடிஞ்சு 20 நடக்குது. வாந்தி நின்னு பசி திரும்பிடுச்சு. யாரைக் கேட்டாலும் "இதுதான் சுகமான மாசம், நிம்மதியா இரு"ன்னு முடிச்சிடறாங்க. எனக்கு வேண்டியது விவரம்.

படுக்கையில் புரளும்போதும் தும்மும்போதும் அடிவயிற்றில் வலது ஓரம் சுருக்குன்னு இழுக்குது, சில நொடியில் விட்டுடுது. இதில் எது சாதாரணம், எதுக்கு உடனே போகணும்? குழந்தையோட அசைவு இன்னும் தெரியலை. ஸ்கேன் தாளில் நஞ்சுக்கொடி முன்பக்கம்னு இருக்கு. எத்தனை வாரம் வரை பொறுக்கலாம்? இரும்பு, கால்சியம் ரெண்டும் கொடுத்திருக்காங்க. எதை எப்போ போடணும், மலச்சிக்கலுக்கு என்ன செய்யணும்? அப்புறம், 24 வாரத்துக்கு மேல குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கிற டெஸ்டாம். வாந்தி எடுத்துட்டா என்ன ஆகும்? ஒவ்வொண்ணா தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செவ்வந்தி:

முகில், வலியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது கர்ப்பப்பையைப் பிடித்து நிற்கும் நார்களின் இழுப்பு போலத்தான் இருக்கிறது. கர்ப்பப்பையின் மேல் மூலைகளிலிருந்து பக்கத்துக்கு ஒரு நார் கிளம்பித் தொடையிடுக்கு வரை இறங்குகிறது. கர்ப்பப்பை பெரிதாகும்போது இவையும் நீண்டு தடிக்கின்றன. மெதுவாக நீள்வது தெரியாது. புரளும்போதும் தும்மும்போதும் சட்டென்று இழுபடும், அப்போது சுருக்கென்று குத்தும். வளரும் கர்ப்பப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சற்றுத் திரும்பி நிற்பதால் வலது ஓரத்தில்தான் இது அதிகம்.

குறைக்க வழி இருக்கிறது. புரளும் முன் இரண்டு முழங்காலையும் மடக்கி ஒட்டி வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி புரளுங்கள். மேல் உடம்பு முதலில் திரும்பி இடுப்பு பின்னால் வந்தால்தான் நார் முறுக்கிக்கொள்ளும். எழும்போது நேராக நிமிராமல் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். தும்மல் வருவது தெரிந்தால் இடுப்பைச் சற்று முன்னால் மடக்கி, இரு கையாலும் அடிவயிற்றைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்தில் வயிற்றைத் தாங்கும் பட்டை சிலருக்கு உதவும். நடக்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் போட்டால் போதும்.

வலி எவ்வளவு கடுமை என்பதைவிட எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். உடம்பை அசைத்தால் வந்து, அசையாமல் இருந்தால் நின்றுவிடும் வலிக்கு அடுத்த பரிசோதனையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் தானாக வந்து, போய், மறுபடி வரும் வலி வேறு. வயிறு முழுவதும் கல்லாக இறுகித் தளர்வது, அடிமுதுகில் விட்டு விட்டு வரும் வலி, கீழ்நோக்கி எதுவோ அழுத்துவது போன்ற உணர்வு ஆகியவை 10 நிமிடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் நெருக்கமாகவோ வந்தால் வீட்டில் இருக்க வேண்டாம். ஒழுங்கில்லாமல் எப்போதாவது இறுகும் பொய் வலி இந்த மாதங்களில் தொடங்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துப் பக்கவாட்டில் படுத்தால் அது அடங்கும். ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, காய்ச்சல் இதில் எது சேர்ந்தாலும் இடைவெளியை எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

வலது ஓரம் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணிக்கணக்கில் விடாமல் வலித்து, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கர்ப்பத்திலும் அது வரும். "நார் வலிதான்" என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

அதிகம் பேசப்படாதது சிறுநீர்த் தொற்று. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க்குழாய்களைத் தளர்த்துகிறது, கர்ப்பப்பை மேலிருந்து அழுத்துகிறது. சிறுநீர் தேங்குவதால் கிருமி மேலேறுவது எளிதாகிவிடுகிறது. எரிச்சலே இல்லாமல் அடிவயிறு இறுகுவது மட்டும் அறிகுறியாக இருப்பதுண்டு. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போய், குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகு வலியும் வரும். குறைமாத வலியையும் இது தூண்டிவிடலாம். பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது முன்னிருந்து பின்னாகத் துடைத்து, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் குப்பியில் பிடியுங்கள். முதல் பகுதியில் தோலிலுள்ள கிருமி கலந்து முடிவு குழம்பிப்போகும், மறுபடி கொடுக்கச் சொல்வார்கள்.

அலைமகள்:

அசைவு பற்றி. முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும் என்பார்கள், ஆனால் 16 முதல் 24 வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். நஞ்சுக்கொடி முன்சுவரில் இருந்தால் குழந்தைக்கும் உங்கள் வயிற்றுச் சுவருக்கும் நடுவே ஒரு மெத்தை இருப்பது போல. குழந்தை நன்றாகவே உதைக்கும், உங்களுக்கு வந்து சேராது. அதனால் 20 வாரத்தில் தெரியாதது கவலைக்குரியதல்ல. 24 வாரம் ஆகியும் ஒருமுறைகூடத் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி இதயத் துடிப்பையும் ஸ்கேனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் தெரிவது உதையாக இருக்காது. உள்ளே குமிழி உடைவது போலவோ, கண்ணிமை துடிப்பது போலவோ இருக்கும். பலர் அதை வாயு என்று விட்டுவிடுகிறார்கள். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பவர்கள் தொப்புளைச் சுற்றித் தேடாமல், அடிவயிற்றின் இரு ஓரங்களிலும் அந்தரங்க எலும்புக்குச் சற்று மேலேயும் கவனிக்க வேண்டும். சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பக்கவாட்டில் படுத்து, கையை அங்கே வைத்து, வேறு எதிலும் மனம் போகாமல் 20 நிமிடம் இருங்கள். நடக்கும்போது அந்த ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிடும் என்பதோடு, நம் கவனமும் அதில் இருக்காது.

28 வாரத்துக்கு முன் எண்ணிக்கை வைத்து நோட்டில் எழுத வேண்டாம். ஒரு நாள் நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்பது அசைவு தெரியத் தொடங்கும் கட்டத்தில் நடப்பதுதான். குழந்தை ஒரு முறை தூங்கினால் 20 முதல் 40 நிமிடம், அரிதாக ஒன்றரை மணி நேரம். 28 வாரம் நெருங்கும்போது ஒரு வழக்கம் பிடிபடும். அதன்பிறகு அந்த வழக்கம் குறைந்தால், "இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்போம், காலைவரை பார்ப்போம்" என்று இருக்காமல் அன்றே போக வேண்டும்.

குழந்தையின் இதயத் துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியை வாங்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்கள் சொந்த நாடியோ நஞ்சுக்கொடியின் இரைச்சலோ குழந்தையின் துடிப்பு போலவே கேட்கும். குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160, அதையும் சரியான கோணத்தில் பிடித்தால்தான் தெரியும். கேட்காமல் போனால் வீண் பயம். தவறான சத்தத்தைக் கேட்டு நிம்மதியடைந்து, போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருப்பது அதைவிடக் கேடு.

நஞ்சுக்கொடி "முன்பக்கம்" வேறு, "கீழே" வேறு. தாளில் கர்ப்பப்பை வாயின் உள்முனைக்கும் நஞ்சுக்கொடி விளிம்புக்கும் உள்ள தூரம் எழுதியிருக்கிறதா பாருங்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தாழ்ந்த நஞ்சுக்கொடி. அப்படி இருந்தாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி நீளும்போது பெரும்பாலானவர்களுக்கு விலகி மேலே போய்விடும், 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை தாம்பத்தியம் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வலியில்லாத ரத்தக்கசிவு வந்தாலும் உடனே போங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு நஞ்சுக்கொடி முன்பக்கமும் தாழ்வாகவும் இருந்தால், அது பழைய தழும்பில் ஊன்றியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கருந்துளசி:

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள் முகில். மாத்திரையின் எடை வேறு, அதிலுள்ள இரும்பின் அளவு வேறு. உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் அதில் இரும்பு சுமார் 65 மி.கி. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 30 முதல் 60 மி.கி. இரும்பும் 0.4 மி.கி. ஃபோலிக் அமிலமும். ரத்தசோகை இருந்தால் கூடும். இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் எழுதிக்கொடுத்து, இரண்டையும் சேர்த்து விழுங்குவது அடிக்கடி நடக்கிறது. அட்டையில் உள்ள இரும்பின் அளவைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த மாதங்களில் ஹீமோகுளோபின் இறங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, அதனால் நீர்த்துத் தெரிகிறது. முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எல்லை டெசிலிட்டருக்கு 11 கிராம், நடு மாதங்களில் 10.5. அதற்குக் கீழே போனால்தான் ரத்தசோகை.

நேரம்: இரும்பு வெறும் வயிற்றில் அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒரு பழத்தோடு. டீ, காபி, பால் இதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது கூடாது. கால்சியம் இரும்பை உள்ளே விடாது, இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் தேவை, அதனால் அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரே தடவையில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது, எனவே 1000 எழுதியிருந்தால் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியம் ஒன்று. இரும்பு இரவுச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து. விழுங்கியதும் படுக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள், இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல் வரும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரும்பு, கால்சியம் இரண்டிலிருந்தும் அதை 4 மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். அளவு ஏன் ஏறுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நெஞ்செரிச்சல் மருந்தும் இரும்பைத் தடுக்கும்.

வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் உணவோடு போடுங்கள். பாதி உறிஞ்சப்பட்டாலும், போடாமல் விடுவதைவிட மேல். தினமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு, அதை டாக்டர் சொல்லிச் செய்யுங்கள். மலம் கருமையாவது இரும்பினால்தான். பிசுபிசுவென்று தார் போல நாற்றத்தோடு போனால் மட்டும் காட்டுங்கள்.

மலச்சிக்கலுக்கு இரும்பின் மேல் முழுப் பழியும் போட வேண்டாம். புரோஜெஸ்டிரோன் குடலையே மெதுவாக்குகிறது. மலம் உள்ளே அதிக நேரம் தங்கும்போது அதன் நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டி, தண்ணீரைக் கூட்டாமல் விட்டால் இன்னும் இறுகும், உப்புசமும் சேரும். இசப்கோல் (நார்ச்சத்து உமி) எடுத்தால் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு தம்ளர். கழிப்பறையில் உட்காரும் வகையானால் காலடியில் சிறு பலகை வைத்து முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி அமருங்கள். முக்கவே கூடாது, மூலம் இந்த மாதங்களில்தான் தொடங்குகிறது. இதற்கும் அடங்காவிட்டால் லாக்டுலோஸ் போன்ற மருந்து எழுதித் தருவார்கள், அது கர்ப்பத்தில் கொடுக்கப்படுவதுதான்.

ரத்தசோகைக்கு மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால், அளவைக் கூட்டும் முன் காரணம் தேடச் சொல்லுங்கள். நேரம் தவறிப் போடுவது முதல் காரணம். பி12 குறைவும் தலசீமியா கூறும் (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாட்டின் லேசான வடிவம்) அடுத்தவை. சிவப்பணுவின் அளவு சிறிதாக இருந்து, இரும்புச் சேமிப்பு சரியாக இருந்தால் தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தேன்தும்பி:

குளுக்கோஸ் டெஸ்டை ஏன் 24 முதல் 28 வாரத்தில் வைக்கிறார்கள் என்றால், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பது அந்தச் சமயத்தில்தான் வேகமெடுக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பார்த்த சர்க்கரை சரியாக இருந்தது என்பதற்காக இதை விட முடியாது.

முந்தைய 3 நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். "நல்ல ரிசல்ட் வரட்டும்" என்று மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதமே மாறி, அளவு பொய்யாக ஏறலாம். இரவு 8 முதல் 14 மணி நேரம் பட்டினி, வெறும் தண்ணீர் குடிக்கலாம். காலையில் முதல் ரத்தம் எடுத்தபிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கலந்து தருவார்கள். 5 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். குமட்டல் பெரும்பாலும் அவசரமாக விழுங்குவதால் வருகிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் எளிது, சில சொட்டு எலுமிச்சை சேர்க்கலாமா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். நேரக் கணக்கு குடிக்கத் தொடங்கியதிலிருந்து. ஒரு மணி, இரண்டு மணியில் ரத்தம் எடுக்கும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொண்டு அளவு குறைந்து தெரியும். வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த டெஸ்ட் கணக்கில் வராது, வேறொரு நாள் வைக்க வேண்டும்.

எல்லைகள்: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 மி.கி. மூன்றில் ஏதாவது ஒன்று தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். பட்டினி இல்லாமல் 50 கிராம் கொடுத்து முதலில் வடிகட்டிப் பார்ப்பதும், சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் கொடுத்து 2 மணியில் 140 என்ற எல்லை வைப்பதும் உண்டு. உங்கள் தாளை வேறு முறையில் செய்தவரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், வீண் குழப்பம்.

வந்துவிட்டால்? பெரும்பாலோருக்கு உணவை மாற்றி, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10, 15 நிமிடம் நடந்தாலே கட்டுப்படும். இலக்கு வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணியில் 140க்குக் கீழ் அல்லது 2 மணியில் 120க்குக் கீழ். இன்சுலின் தேவைப்பட்டால் மறுக்க வேண்டாம், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாயின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரைதான் தாண்டிப் போகிறது. பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்தில் மறுபடி 75 கிராம் டெஸ்ட் செய்ய வேண்டும், இதைப் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள் என்று சொல்லுமளவுக்கு விட்டுப்போகிறது.

முகில்:

எல்லாருக்கும் மனசார நன்றி. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், இரும்பு 60 மி.கி.ன்னு தனியா போட்டிருக்கு. இன்னும் மூணு சந்தேகம். அடுத்த வாரம் அனாமலி ஸ்கேன் (குழந்தையோட உறுப்புகள்ல குறை இருக்கான்னு பார்க்கிறது), அதில் என்ன கேட்டுத் தெரிஞ்சுக்கணும்? இடதுபக்கம் மட்டும்தான் படுக்கணும்னு சொல்றாங்க, முழிச்சுப் பார்த்தா மல்லாந்து கிடக்கேன், பயமா இருக்கு. ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடிச்சுக்குது, சாயந்தரம் பாதம் லேசா வீங்குது.

வெண்முத்து:

ஸ்கேனுக்கு: 18 முதல் 22 வாரத்துக்குள் செய்தால் உறுப்புகள் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும், எலும்பு நிழல் மறைக்கும் அளவுக்கு இறுகியிருக்காது. குழந்தை குப்புறவோ முதுகைக் காட்டியோ கிடந்தால் இதயத்தின் நான்கு அறைகளும் முகமும் சரியாகத் தெரியாது. "நடந்துவிட்டு வாருங்கள்", "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்வது இதனால்தான், குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. 20 வாரத்தில் எடை சுமார் 300 கிராம். முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்துக் குறித்த பிரசவ தேதியை இந்த ஸ்கேனை வைத்து மாற்றக் கூடாது. தேதி மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான் கேட்கச் சொல்வது கர்ப்பப்பை வாயின் நீளம். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட உள்வழியாகப் பார்ப்பது துல்லியம், அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். நிறைந்த பை வாயை அழுத்தி நீளமாகக் காட்டிவிடும். 24 வாரத்துக்கு முன் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குறைமாதப் பிரசவ வாய்ப்பு கூடுகிறது. இரவில் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் 200 மி.கி., சிலருக்குத் தையல் என்று அப்போதே செய்ய வழி இருக்கிறது. வலி எதுவும் இல்லாமலே வாயின் நீளம் குறைவதால், அளக்காமல் தெரியாது.

"இதயத்தில் வெண்புள்ளி" என்று தாளில் வந்தால் இதயக் கோளாறு என்று நினைக்காதீர்கள். தனியாக அது மட்டும் இருந்து, முன்பு செய்த குரோமோசோம் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதேபோல, இந்த ஸ்கேன் சரியாக இருந்தால் எல்லாமே சரி என்றும் அர்த்தமில்லை. சில இதயக் குறைகள் பிறந்தபின்தான் தெரியும்.

செவ்வந்தி:

படுப்பதற்கு: இடதோ வலதோ, இரண்டும் சரி. இடதுதான் என்று ஒரே பக்கம் கிடந்து தோளும் இடுப்பும் வலியெடுத்துத் தூக்கம் கெடுவதில் லாபம் எதுவும் இல்லை. 28 வாரத்திலிருந்து தூங்கப் போகும்போது பக்கவாட்டில் படுக்க வேண்டும் என்பதே முக்கியம். மல்லாந்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நடுவில் விழித்து மல்லாந்திருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று சொருகினால் முழுவதும் மல்லாந்து போக விடாது.

கெண்டைக்கால் பிடித்தால் முழங்காலை நேராக நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள், அரை நிமிடத்தில் விடும். விரலை முன்னால் நீட்டினால் இன்னும் இறுகும். எட்டாவிட்டால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தூக்காமல் முன்னால் சாய்ந்து 30 நொடி, காலுக்கு மூன்று முறை செய்தால் இரவில் வருவது குறையும். மக்னீசியம் எல்லோருக்கும் பலன் தருவதில்லை. பிடிப்பு விட்டபிறகும் ஒரே காலில் வலி நின்று, அந்தக் கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கக் கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

சாயந்தரம் பாதம் வீங்கிக் காலையில் வடிந்தால் பரவாயில்லை. காலையிலேயே முகமும் விரலும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவை வந்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 எல்லை, 160/110 அவசரம். நடு மாதங்களில் பிரஷர் இயல்பாகவே இறங்கியிருக்கும். எனவே முன்பு மேல் அளவு 100 இருந்தவருக்கு 130 ஆனால், எல்லைக்குள் இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டில் பார்ப்பதானால் சிறுநீர் கழித்து, 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை இதய உயரத்தில், பேசாமல். கைப்பட்டை சிறிதாக இருந்தால் அளவு ஏறித் தெரியும்.

தலைவலிக்கோ இடுப்பு வலிக்கோ ஐபுபுரூஃபென் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பாரசிட்டமால் போதும், அதுவும் தேவைக்கு மட்டும்.

அலைமகள்:

செவ்வந்தி முதல் பதிலில் நீர்க்கசிவு என்று சொன்னதற்குச் சிறு சேர்க்கை, இது பலருக்குக் குழப்பம். வெள்ளைப்படுதல் இந்த மாதங்களில் கூடும். நிறமற்று அல்லது பால் போல, அரிப்பும் நாற்றமும் இல்லாமல் இருந்தால் மருந்து வேண்டாம். நீர் கசிகிறதா என்று சந்தேகம் வந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, காய்ந்த நாப்கின் வைத்து அரை மணி நேரம் படுத்து எழுந்து பாருங்கள். எழுந்ததும் குபுக்கென்று நனைத்து, சிறுநீர் வாடை இல்லாமல் தண்ணீர் போல இருந்தால் அந்த நாப்கினையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பை உருவாக்காமல் தடுப்பது) கேட்டு வாங்குங்கள். நடுவில் ரத்தக்கசிவோ, வயிற்றில் அடிபட்டு விழுவதோ நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி வேண்டும். கக்குவான் தடுப்பூசியின் காலமும் நெருங்குகிறது, எந்த வாரம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். பல் வேலை பாக்கி இருந்தால் இந்த மாதங்களே வசதி, மரப்பு ஊசி போட்டுச் செய்துகொள்ளலாம்.

அவசரத்தில் மருத்துவமனைக்கு போன் செய்யும்போது முதல் வாக்கியத்தில் சொல்ல வேண்டியவை: எத்தனை வாரம், எத்தனையாவது கர்ப்பம், என்ன, எப்போதிலிருந்து, எவ்வளவு இடைவெளியில், ரத்தம் அல்லது நீர் உண்டா, நஞ்சுக்கொடி எங்கே, ரத்த வகை என்ன. கடைசி ஸ்கேன் தாளைப் படம் எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.